யாராச்சும் பேசுங்களேன்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரி சொல்லக்கூடாது. அப்பா விட்டுப்போனது ஒரு குழித்தறியும் ஒழுகுகிற கூரையும். அந்த ஒன்றிலிருந்து எட்டு விசைத்தறி வரைக்கும் வந்தேன். ஆரணியில் எல்லோரும் தறிக் கொட்டகைக்கு சிமெண்ட் ஷீட் போட்டபோது, பட்டு இழைக்குச் சூடு ஆகாது என்று நான் மட்டும் ஓடு போட்டேன். சிரித்தவர்களே பிறகு வந்து அளவெடுத்துக்கொண்டு போனார்கள். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு என் மனை முழுக்க நடந்துவிட்டு "இங்க ஒண்ணும் இல்ல" என்றார். அவர் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி போர் போட்டேன். இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். எங்கள் தெருவில் வீட்டுக்குள் லிஃப்ட் வைத்த முதல் ஆள் நான். ஒருமுறை கொட்டகையில் ஒயர் கருகித் தீப்பிடிக்க இருந்ததை முன்கூட்டியே கண்டுபிடித்து எட்டுத் தறியையும் காப்பாற்றினேன். கடைசியாக, அறுபத்தெட்டு வயதில், கொட்டகைச் சுவரை ஒட்டி இரண்டு முயலுக்கு ஒரு வீடு கட்டினேன். வரைபடம் காலண்டர் தாளின் பின்பக்கம் நானே போட்டது. கம்பி வலை, மரக்கதவு, வெளித் தாழ்ப்பாள், தகரக் கூரை.

இவ்வளவும் கட்டின நான் என் ஆயுளில் நடுநடுங்கிப் போனது அந்தச் சின்ன வீட்டால்தான். அப்போது எனக்குத் துணைக்கு நின்றவர், ஆரணியிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அவர் பெயரை எழுதவில்லை. மரியாதைக் குறைவு இல்லை. தன் பெயர் எழுத்தில் வருவதே அவருக்குப் பயம். கோயில் நோட்டீஸில் உபயதாரர்களோடு உன் பெயரையும் போடுகிறேன் என்று ஒருமுறை சொன்னதற்கு, "வேணாங்க மொதலாளி, நாலு பேர் படிப்பாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதனால் இங்கேயும் அந்தம்மா என்றே இருக்கட்டும்.

அந்தம்மாவுக்கு வேலை பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. அது நெய்து தீர்ந்துபோனால் பழைய முனைகளை வெட்டி எறிய மாட்டோம். அவை தறியிலேயே தொங்கும். புதுப் பாவைக் கொண்டுவந்து, ஒவ்வொரு இழையாக எடுத்து, பழைய இழையின் முனையோடு வைத்து விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். விரல் வழுக்காமலிருக்கப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல். ஒரு இழை தவறினாலும் புடவை நெடுக ஒரு கோடு விழும். அந்தம்மா பிணைத்த பாவில் கோடு விழுந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் அதைத் திறமை என்பார்கள். நான் பயம் என்பேன். கொஞ்சம் பிணைப்பார், நிறுத்துவார், பிணைத்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து தடவிப் பார்ப்பார்.

"இன்னாம்மா, எத்தினி வாட்டி தடவுவே?"

"ஒண்ணு வுட்டுட்டேனோன்னு பயமா கீதுங்க."

பயமா கீதுங்க. இதைச் சொல்லாமல் அவர் ஒரு நாளும் வீட்டுக்குத் திரும்பியதில்லை. லிஃப்ட் பயம். ஃபோன் மணி பயம். கண்ணாடி ஏற்றிய கார் பயம். வந்தவாசியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால்தான் உட்கார்வார். எதற்கு என்றால், "அவரு தூங்கிட்டாருன்னா யாருங்க எழுப்பறது?" வழி முழுக்கக் கண் கொட்டாமல் டிரைவரின் பிடரியையே பார்த்துக்கொண்டு போவார்.

ஆனால் ஒன்று. எட்டு விசைத்தறி ஓடுகிற கொட்டகைக்குள் புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்தம்மா மட்டும் அந்தச் சத்தத்துக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நிம்மதியாக மூச்சு விடுவார். கரண்ட் போனால்தான் வினை. எட்டும் ஒரே நேரத்தில் நின்று, தெருவில் காய் விற்கிறவர் குரல்கூடப் பக்கத்தில் வந்துவிடும். அந்தம்மா ஒரு கையில் இழையைப் பிடித்தபடி, மறு கையால் தறிக்காலைப் பற்றிக்கொண்டு, "யாராச்சும் பேசுங்களேன்" என்பார். மழை வருமா, வெண்டைக்காய் என்ன விலை என்று கரண்ட் வரும்வரை யாராவது எதையாவது பேசிக்கொண்டிருப்போம்.

"ஊர்ல எல்லாருக்கும் சத்தம் கேட்டா பயம். உனக்கு சத்தம் நின்னா பயமா? பூதம் கீதம் வந்துடுமா?" என்று கேலி செய்வேன்.

"வரும்ங்க" என்பார். அதில் விளையாட்டே இருக்காது.

முயல்கள் என் பேத்தியுடையவை. வெள்ளைக்குப் பஞ்சு என்றும் கறுப்புக்கு மிளகு என்றும் பெயர் வைத்திருந்தாள். மகன் வேலை மாறிக் கோயம்புத்தூர் போனபோது, அங்கே குடியிருப்பில் விலங்கு வளர்க்க விடமாட்டார்கள் என்று இரண்டும் என்னிடம் தங்கிவிட்டன. அப்போது அவளுக்குப் பத்து வயது. கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, ரெண்டயும் பிரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். செய்தேன். இந்த ஊரில் நான் வாக்கு தவறினேன் என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

முதல் வாரம் தறிச் சத்தத்துக்கு இரண்டும் ஒன்றன் வயிற்றுக்கடியில் ஒன்று புகுந்துகொள்ளப் பார்த்தன. பிறகு பழகிவிட்டன. காலையில் திறந்துவிட்டால், கொட்டகைக்குள் மூன்றாவது தறிக்குப் பக்கத்தில் நான் வலை அடித்துக்கொடுத்த மூலைக்கு ஓடும். தறி அடிக்கிற அதிர்வில் வயிற்றைத் தரையில் பரப்பிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று தாடையை வைத்துத் தூங்கும்.

அந்தம்மாவுக்கு அவற்றைக் கண்டாலும் பயம். ஒருநாள் வலையின் இடுக்கு வழியாக வெளியே வந்த பஞ்சு, அவர் கால் கட்டைவிரலை முகர்ந்து பார்த்தது. அவர் போட்ட அலறலில் எட்டுத் தறிக்காரர்களும் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்கள். தறி நின்றதும் இன்னொரு அலறல். மறுநாள் எறும்புக்குக் கோடு கிழிக்கிற மாதிரி, தன்னைச் சுற்றிச் சாம்பலால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து வேலை செய்தார். முயலுக்குச் சாம்பல் ஒரு பொருட்டா? கொஞ்ச நேரத்தில் வட்டத்துக்குள் நாலு காலடி.

அந்த வருஷம் ஒரு அமாவாசை கத்திரி வெயிலில் வந்தது. அமாவாசை எங்களுக்கு விடுமுறை, தறி ஓடாது. கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். கொட்டகையைப் பூட்ட வேண்டியிருந்ததால் முயல்களை அவற்றின் வீட்டில் விட்டு, தண்ணீரும் புல்லும் வைத்து, வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே என்னை உட்கார வைத்தார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, நான் போர் போட்ட கதையைக் கேட்டார்கள். பேச்சு வளர்ந்தது. திரும்பும்போது மணி நாலு.

தாழ்ப்பாளைத் தொட்டேன், கை சுட்டது. உள்ளே பஞ்சு காலை நீட்டிக் கிடந்தது. அதன் கழுத்தின்மேல் தாடையை வைத்தபடி மிளகு வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருந்தது. பட்டுக்குச் சூடு ஆகாது என்று ஊருக்கு முன்னால் தெரிந்துகொண்டு ஓடு போட்டவன் நான். உயிருள்ள முயலுக்குத் தகரம் போட்டிருந்தேன்.

மிளகை ஈரத்துணியில் சுற்றி, காதை நனைத்து, ஒரு வழியாக மூச்சைச் சீராக்கினோம். அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் ஜல்தி ஜல்தியாக. மிளகின் கண்ணில் படக்கூடாது என்று அரை மணிக்குள் பஞ்சுவை எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன். முயல் வீட்டைப் பினாயில் விட்டு மூன்று முறை கழுவினேன். இரண்டும் படுத்த கோணிப்பையைக் குப்பையில் எறிந்தேன். மிளகை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய் ஏசி அறையில் விட்டேன். மறுநாளிலிருந்து தறிகளை ஓட்டவில்லை. தெருவில் சாவு விழுந்தால் தறியை நிறுத்துவது எங்கள் வழக்கம். முயலுக்காக யாரும் நிறுத்தியதில்லை, நான் நிறுத்தினேன். அதோடு கால்நடை டாக்டரும் ஃபோனில், அமைதியான இடத்தில் வையுங்கள் என்றிருந்தார். எட்டுத் தறியும் நின்றால் அதைவிட அமைதி ஏது?

மிளகு பளபளப்பான தரையில் கால் வழுக்க வழுக்கச் சுவரோரமாகச் சுற்றியது. கட்டிலுக்கடியில் முகர்ந்தது. பீரோவுக்குப் பின்னால் முகர்ந்தது. கதவிடுக்கில் மூக்கை வைத்து வெகுநேரம் நின்றது. பிறகு பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு அடி. ஆபத்து என்றால் முயல் அப்படி அடிக்கும். மற்ற முயலுக்குச் சொல்கிற சேதி அது. மறுபடி அடித்தது. பிறகு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

புல் அப்படியே கிடந்தது. கொத்தமல்லி அப்படியே கிடந்தது. மறுநாள் காலையில் புழுக்கைகூட இல்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "முயலுக்குக் குடல் ஓடிகினே இருக்கணுங்க. ஒரு நாள் முழுக்கத் துன்னாம இருந்தாலே ஆபத்து. நின்னுடுச்சுன்னா, திரும்ப ஓட்டறது கஷ்டம்" என்றார். மருந்து கொடுத்தார். கரைத்த தீனியை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடக் கற்றுக்கொடுத்தார். அறுந்த இழையை ஓடுகிற தறியிலேயே பிடித்துக் கட்டின என் விரல், முதல் சிரிஞ்சை என் சட்டை மேலேயே பீய்ச்சிவிட்டது.

துணை போய்விட்டதால்தானே இப்படி, துணையை வாங்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. கண்ணமங்கலத்தில் முயல் வளர்க்கிற ஒருவரிடம் போய், அதே மாதிரி வெள்ளையாக ஒன்றை வாங்கி வந்து அறைக்குள் விட்டேன். முயல் கத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. குழந்தை கத்துகிற மாதிரி கத்தியது. இரண்டையும் பிரிப்பதற்குள் மிளகின் காது கிழிந்துவிட்டது. புதியதை அன்றைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

சாயங்காலம் பேத்தி வீடியோவில் வந்தாள்.

"தாத்தா, ரெண்டயும் காட்டு."

"தூங்குதும்மா."

"நேத்தும் அதான் சொன்னே."

"வெயிலு தாங்கலம்மா. அதான்."

அவள் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. ஃபோனை வைத்ததும் என் வீட்டுக்காரி, "ஊர் பூரா வாய்ச்சவடால் வுடறீங்க. பத்து வயசுப் பொண்ணாண்ட உண்மைய சொல்ல வாய் வரல" என்றாள். இன்னொன்றும் போய்விட்டால் என்ன சொல்வேன் என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. "மாமனார் செத்த வூட்டுல கூட மூணு வாட்டி ரசம் கேட்ட மனுசன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் காலை, இரண்டாவது தறிக்குப் பாவு பிணைக்க அந்தம்மா வந்தார். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். சாம்பல் கொட்டாங்கச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க போய்ட்டாங்க?"

"மனுசங்க யாரும் இல்லம்மா. அந்த வெள்ளை முயலு."

முயலுக்காகவா தறியை நிறுத்தினீர்கள் என்று அந்த மூன்று நாளில் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

"கறுப்பு?"

"மேல கீது. துன்ன மாட்டேங்குது. ஏசி ரூம்ல, அமைதியா வச்சிருக்கேன்."

"தனியாவா? சத்தமே இல்லாமயா?"

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, வந்து பாரும்மா என்று மேலே கூப்பிட்டேன். லிஃப்டில் வரமாட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் படி ஏறினார். அறை வாசலில் நின்று, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மிளகைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது நோவு இல்லீங்க மொதலாளி. பயம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குங்க தெரியும்?"

பிறகு அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன். "எங்க வூட்டுக்காரு போன அன்னிக்கி அவரு மூச்சு நின்னது எனக்குத் தெரியலீங்க. பக்கத்துலயேதான் ஒக்காந்துகினு இருந்தேன். தெருவுல தறி ஒண்ணொண்ணா நின்னுது பாருங்க, அப்பதான் தெரிஞ்சிது. மரியாதைக்குத்தான் நிறுத்தனாங்க. எனக்கு அதுதான் தாங்கல. தோ, இதுக்கும் துணை போச்சு. கூடவே சத்தம் போச்சு, படுத்த எடம் போச்சு, வாசனை கூட போச்சு. எல்லாத்தையும் ஒரே நாள்ல வழிச்சு எடுத்துட்டீங்களே மொதலாளி."

அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசி முடித்த உடனே பயந்துபோய், "தப்பா சொல்லிட்டேனுங்களா?" என்றார்.

"இல்லம்மா. இன்னா பண்ணணும், அத சொல்லு."

முதலில் கோணிப்பை. குப்பை வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. சமையல் கழிவும் கிழிசலும் கிடந்த குவியலில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி அதை எடுத்தேன். அதில் பஞ்சுவின் வெள்ளை முடி ஒட்டிக்கொண்டிருந்தது. "தட்டாதீங்க, அப்பிடியே கொண்டாங்க" என்றார். மூன்றாவது தறிப் பக்கத்தில் பழைய மூலையில் அதை விரித்தோம். ஓட்டுக் கூரைக்குக் கீழே அந்த இடம் குளுமையாகத்தான் இருந்தது. மிளகைக் கொண்டுவந்து விட்டேன். தூக்கியபோது எடையே இல்லை. அது என் கையில் நடுங்குகிறதா, என் கைதான் நடுங்குகிறதா என்று தெரியவில்லை.

மூன்றாவது தறியின் மோட்டாரை நானே போட்டேன். ஊடை இழையோடு நாடா இப்படியும் அப்படியும் ஓடியது. தரை அதிர்ந்தது. மிளகின் காது ஒன்று மட்டும் நிமிர்ந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

நான் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக்காதீங்க மொதலாளி. பயந்துகினு கீறவங்க மூஞ்சியவே பாத்துகினு இருந்தா இன்னும் ஜாஸ்தியாவும். முதுகு காட்டி ஒக்காருங்க. கிட்டவே இருங்க. ஏதாச்சும் பேசிகினு இருங்க."

"தறி சத்தத்துல அதுக்குக் கேக்குமா?"

"கேக்கணும்னு இல்லீங்க. யாரோ பேசறாங்கன்னு இருக்கணும்."

அவர் இரண்டாவது தறிப் பக்கம், வலைக்குள் காலை நீட்டி உட்கார்ந்து பாவு பிணைக்க ஆரம்பித்தார். சாம்பல் வட்டம் போடவில்லை. நான் முயலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தேன். மேடையில் மைக் கொடுத்தால் இறங்காதவன் நான்; அன்றைக்குப் பேச ஒன்றும் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதையே ஆரம்பித்தேன். நாலாம் வகுப்பு. குழித்தறி. எட்டு விசைத்தறி. ஓட்டுக் கூரை. போர். லிஃப்ட். மாப்பிள்ளை வீட்டாரிடமும் பேங்க் மேனேஜரிடமும் சொல்கிற அதே வரிசை. நடுவில் ஒருமுறை எழுந்து சிரிஞ்சில் தீனி கொடுத்தேன், பாதி வழிந்தது. மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னேன். வெயில் ஏறியது. தகர வீடு வரைக்கும் வந்தேன். நின்றுவிட்டேன்.

"நிறுத்தாதீங்க" என்றார் அந்தம்மா. இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தத் தகரத்தப் போட்டவன் நான்தான்" என்றேன். "தாழ்ப்பா போட்டதும் நான்தான். வெயில்ல அதுங்க வெந்துகினு இருந்தப்போ நான் பந்தியில ஒக்காந்து போர் போட்ட கதைய சொல்லிகினு இருந்தேன்." என் வீட்டுக்காரியிடம்கூட அதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. மின்சாரம் போயிருந்தால் தெருவுக்கே கேட்டிருக்கும். தறி ஓடிக்கொண்டிருந்தது, பிழைத்தேன்.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. திடீரென்று அந்தம்மாவின் கை நின்றது.

"மொதலாளி." குரல் ஒடுங்கியிருந்தது. "திரும்பாதீங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. "செத்துடுச்சா?"

"என் கால் மேல தாடைய வச்சிகினு கீதுங்க."

"நான் தூக்கிக்கட்டுமா?"

"வேணாங்க."

"உனக்குத்தான் பயமாச்சே?"

"பயமாத்தாங்க கீது. இருக்கட்டும்."

அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து புடவையில் சொட்டியதாம். துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. நான் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக மிளகு எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போது கொஞ்சம் தெரிந்தது. பிறகு அவர் சொன்னார்:

"துன்னுது மொதலாளி. அந்த அருகம்புல்லு... ஒண்ணே ஒண்ணு. மெய்யாலுமே துன்னுது."

அன்று பாவு பாதியில் நின்றது. மிளகு தானாக நகர்ந்து போகும்வரை அந்தம்மா காலை அசைக்கவில்லை. எழுந்தபோது கால் மரத்துப்போய், என் வீட்டுக்காரியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் நாலைந்து புழுக்கை உருண்டை உருண்டையாகக் கிடந்தது. உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு போய் என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். "பூஜை ரூம்ல வைங்க" என்றாள். ஆனால் அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அந்தம்மா என்னிடம் இன்னொன்றும் சொன்னார். "பாப்பாக்குச் சொல்லிடுங்க. மறைச்சா, அதுவும் கட்டிலடியில தேடிகினே இருக்கும்." காரிலிருந்து பேத்தி இறங்கினதுமே சொன்னேன். தகரத்தையும் சொன்னேன். என் வயிற்றில் குத்தினாள், கத்தினாள், பிறகு எலுமிச்சை மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து என் முதுகில் அவள் சாய்ந்தாள்.

இரண்டு மாதம் போன பிறகு மிளகுக்குப் புதுத் துணை வந்தது. இந்த முறை நான் அவசரப்படவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. தினமும் இதன் கோணியை அதற்கும் அதன் கோணியை இதற்கும் மாற்றிப்போட்டோம். ஒரு இழை, ஒரு முறுக்கு என்று பாவு பிணைப்பதைப் போலத்தான். பல நாள் கழித்து வலையை எடுத்தபோது சண்டை வரவில்லை. மிளகு அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தது.

அந்தம்மா முழங்கால் முடியாமல் வந்தவாசிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். என் காரில் நானே கொண்டுபோய் விட்டேன், நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு. நான் தூங்கிவிடுவேனோ என்று வழியெல்லாம் என் பிடரியைப் பார்த்துக்கொண்டு வந்தார். போன தை மாதம் ஒரு காலையில் மகள் ஃபோன் செய்தாள். அந்தம்மா போய்விட்டார்.

தெருவில் விஷயம் தெரிந்து, எல்லோரும் தறியை நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. எட்டையும் ஓடவிட்டேன். வந்தவாசிக்கு மாலையோடு கிளம்பும்போதும் ஓடவிட்டுத்தான் போனேன். இத்தனை வருஷம் இவனுக்கு உழைத்தவளுக்கு ஒரு நாள் தறியை நிறுத்த மனசு வரவில்லை, காசு பேய் என்று தெருவில் பேசினார்கள். பேசியவர்கள் இதைப் படிக்கட்டும். அந்தம்மாவுக்குச் சத்தம் நின்றால் பயம். அதனால்தான் ஓடவிட்டேன்.

இன்னொரு வழக்கும் பாக்கி இருக்கிறது. பேத்தி பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் இந்தக் கதையைச் சொல்லிப் பரிசு வாங்கினாள். அதில் அந்தம்மா வருகிறார், மிளகு வருகிறது. நான் ஒரே இடத்தில்தான் வருகிறேன்: "என் தாத்தா தகரக் கூரை போட்டிருந்தார்." அவ்வளவுதான்.

சரி, தகரத்தை என் பேரிலேயே எழுதுங்கள். கொட்டகையில் ஒயர் கருகியதை நான் கண்டுபிடித்ததாக மேலே எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிடுங்கள். "கரிஞ்ச வாசனை வருதுங்க, பயமா கீதுங்க" என்று மூன்று முறை சொன்னது அந்தம்மாதான். நாங்கள் சிரித்தோம். நான்காவது முறைதான் எழுந்து போய்ப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அது என் பெயரில் ஓடியது. இனி அவர் பெயரில் ஓடட்டும்.

ஆனால் என் பங்கு என் பங்குதான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குப்பையில் கை விட்டவன் நான். மோட்டாரைப் போட்டவன் நான். பேசிக்கொண்டே இருந்தவன் நான். அன்று அந்த மூலையில் ஒரு முயல் பயந்தது, அந்தம்மா பயந்தார் என்று பேத்தி சொல்கிறாள். கணக்கு தப்பு. பயந்தது மூன்று பேர். அந்த மூன்றாவது ஆளை, இனி இந்தக் கதையை யார் சொன்னாலும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.